‘அந்த நாள் நல்லா இருந்துச்சு’ என்று சொன்னது தப்பா?

கேள்வி: எனக்கு வயது 46. சொந்த ஊர் மேலூர் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சென்னை அம்பத்தூரில் இருக்கிறோம். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. அவரும் நானும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து மதியம் சாப்பிடுவதே அபூர்வம். 2020-இல் ஊரடங்கு போட்டுக் கம்பெனியை மூடிய இரண்டு மாதமும் அவர் வீட்டில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் உருட்டுவோம். சாயங்காலம் மொட்டை மாடி. பக்கத்து மாடிக்காரர்களோடு கைப்பிடிச்சுவரைத் தாண்டிப் பேச்சு. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று டிவி முன்னால் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். சம்பளம் பாதிதான் வந்தது, பயமும் இருந்தது. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான்.

அதே வருடம் ஜூன் கடைசியில் ஊரில் என் அம்மாச்சி தவறிப்போனார். 88 வயது. என்னை வளர்த்தவர். கொரோனா இல்லை, வயசுதான். சென்னையிலிருந்து யார் வந்தாலும் ஊரே பயந்த நேரம் அது. “இப்ப வராத தாயி, ஊர்ல பேச்சாயிடும்” என்று மாமா சொல்லிவிட்டார். போனில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு முறை மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாச்சி படுத்திருந்த திண்ணைப் பக்கம் மட்டும் போகவில்லை.

போன மாதம் ஒரு வளைகாப்பில் பேச்சுவாக்கில், “லாக்டவுன் நாள் மாதிரி இனிமே வருமா, எவ்வளவு நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டேன். என் நாத்தனார் அங்கே இருந்தாள். 2021 மே மாதம் கணவரைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தவள். “உங்களுக்கு நல்லா இருந்துச்சு அண்ணி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. அத்தனை பேர் செத்த காலத்துக்கு ஏங்குகிறேனே, நான் என்ன மனுஷி? 88 வயதில் போன அம்மாச்சிக்காக இன்னும் அழுகை வருகிறது. அதை வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அன்புத் தோழிக்கு,

முதலில் உங்கள் நாத்தனாரைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அவர் சொன்ன அந்த ஒரு வரியில்தான் நின்றேன்.

நடந்தது என்ன என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ‘லாக்டவுன்’ என்ற ஒரே வார்த்தையைத்தான் நாம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். வளைகாப்பு வீட்டில் நீங்கள் அதைச் சொன்னபோது உங்கள் மனதில் இருந்தது 2020 சித்திரை. வெயில், காலியான தெரு, தாயக்கட்டை உருளும் சத்தம். அவர் காதில் விழுந்தது 2021 மே. அந்த மாதம் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. அப்போது சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது முதல் வருட ஊரடங்கு மாதிரி இல்லை. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றன. ரெம்டெசிவிர் ஊசி மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் ஜனங்கள் ராத்திரியே வந்து கியூவில் உட்கார்ந்தார்கள். போனவர்களைச் சுற்றிக் கட்டித் தூரத்திலிருந்து காட்டினார்கள். உங்கள் நாத்தனார் அதில் எதையெல்லாம் பார்த்தார், கணவரின் முகத்தையாவது பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை உங்களுக்கே தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் இவரிடமிருந்து தொடங்குகிறேன்.

அவரிடம் போங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். “நான் சொன்னது 2020-ஐ, உன் விஷயத்தை இல்லை” என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அந்த விளக்கம் நியாயமானதுதான், ஆனால் அது உங்களுக்குத்தான் உதவும், அவருக்கு உதவாது. “அன்னைக்கு உன்னை மறந்துட்டுப் பேசிட்டேன்மா” என்று ஒரு வரி போதும். அப்புறம் அவருடைய கணவரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டில் எல்லாரும் அந்தப் பேச்சை எடுத்தால் அவர் அழுவாரே என்று நாலைந்து வருடமாகப் பேரைக்கூடச் சொல்லாமல் இருந்திருப்பீர்கள். பல குடும்பங்களில் அதுதான் நடக்கிறது. கணவரை இழந்த பெண்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது வேறு குறை: ‘அவர் பேரையே யாரும் எடுப்பதில்லை.’ கடைசியாக அவர் போனில் என்ன பேசினார், என்ன சாப்பிடக் கேட்டார் என்று நீங்களே கேளுங்கள். அழுதால் அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பதிலுக்கு உங்கள் அம்மாச்சி கதையை அன்றைக்கே எடுத்துவிடாதீர்கள், அது இன்னொரு நாளைக்கு.

சரி, இப்போது உங்கள் ஏக்கத்துக்கு வருகிறேன்.

நீங்கள் நோய்க்கு ஏங்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக உங்களுக்குக் கிடைக்காத ஒரு மதியத்துக்கு ஏங்குகிறீர்கள். கணவர் கைகழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்வதும், மகள் “அப்பா கள்ளாட்டம்” என்று கத்துவதும், மணியைப் பார்க்காமல் ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்வதும் உங்களுக்கு ஒரு பெருந்தொற்று வந்துதான் கிடைக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. என் மாமனாரும் நானும் ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தும், “சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா”, “பேப்பர் வந்துடுச்சா” என்பதைத் தாண்டிப் பேசியவர்கள் இல்லை. சலூன்கள் மூடி ஒன்றரை மாதமானபோது முடி காதை மறைத்து அவருக்கு வியர்க்குரு வந்துவிட்டது. என் கணவருக்குக் கை நடுங்கியது. நான்தான் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பழைய வேட்டியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். அவர் பிடரியில் நரைமுடிக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அத்தனை வருடம் அதை நான் பார்த்ததே இல்லை. “இது என்ன மாமா” என்று கேட்டேன். பத்து வயதில் கிணற்றில் குதித்தபோது பாறை கிழித்தது என்று ஆரம்பித்தார். அந்தக் கிணறு, அவரைத் தூக்கி வந்த பண்ணையாள், அடிக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய அவருடைய அத்தை என்று ஒரு மணி நேரம் பேசினார். காதோரம் கோணலாகிவிட்டது. “யாரு பாக்கப் போறா, விடும்மா” என்றார். சலூன் திறந்ததும் பழையபடி அங்கே போய்விட்டார். எனக்கு அது இழப்பாகத்தான் இருந்தது. உலகமே பழைய நிலைக்குத் திரும்பியதில் எல்லாரும் சந்தோஷப்பட்டபோது நான் ஒரு ஸ்டூலையும் கத்தரிக்கோலையும் இழந்திருந்தேன். அந்த வாரம்தான் எங்கள் தெருவில் முதல் மரணமும் நடந்தது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை பார்த்ததும் இல்லை.

உங்கள் கடிதத்தில் திருக்கல்யாணம் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். 2020 மே 4 காலை மதுரையில் கூட்டமே இல்லாமல் பட்டர்கள் மட்டும் நின்று நடத்திய கல்யாணம் அது. அழகரும் அந்த வருடம் வைகையில் இறங்கவில்லை, அடுத்த வருடமும் இறங்கவில்லை. 2022-இல்தான் மறுபடி ஆற்றுக்கு வந்தார். மதுரைப் பக்கத்து ஜனங்களுக்கு அது எத்தனை பெரிய வெறுமை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. திருவிழா நின்றதற்காக அழுதேன் என்று சொன்னால், உயிரே போகும்போது திருவிழாவா என்பார்கள். ஆனால் அதே காலையில் உங்கள் மகள் நீங்கள் கயிறு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள். இதில் எது சந்தோஷம், எது நஷ்டம் என்று பிரித்து வைக்க முடியுமா?

அம்மாச்சி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் ஆழமான காயம் இதுதான் என்று நினைக்கிறேன். நாத்தனாரின் துக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, இது சின்னது, இதற்கு அழ எனக்கு உரிமையில்லை என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டீர்கள். இப்படி ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கத்துக்கு என்றே கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1980-களில் தனியாக ஒரு பெயர் வைத்தார். அங்கீகாரம் மறுக்கப்பட்ட துக்கம் என்று அதைச் சொல்லலாம். வெளியே சொல்ல வழியில்லாததால் அது ஆறாமல் உள்ளேயே கிடக்கும். பெருந்தொற்றில் போனவர்களுக்குத் தினமும் மாலையில் எண்ணிக்கை சொன்னார்கள். உங்கள் அம்மாச்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அவருக்கு வரவேண்டியதை அந்த நோய்தான் எடுத்துக்கொண்டது.

88 வயதில், பேரன் பேத்தி எடுத்துப் போனவருக்கு நம் பக்கம் என்ன நடக்கும்? கல்யாணச் சாவு. கொட்டு, வெடி, பூப்பல்லக்கு. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து நிற்பார்கள். ஒப்பாரி வைக்கும் கிழவிகளே நடுவில் அம்மாச்சியின் பழைய குறும்பைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம் இருந்த நேரத்தில் அவருக்கு அது எதுவும் கிடைத்திருக்காது. நீங்கள் வாய்க்கரிசி போடவில்லை, பந்தம் பிடிக்கவில்லை, யாருடைய கழுத்தையும் கட்டிக்கொண்டு அழவில்லை. கைக்குள் அடங்கும் ஒரு திரையில், யாரோ ஆட்டி ஆட்டிப் பிடித்த படத்தில் பார்த்தீர்கள். அப்படியிருக்க அழுகை இன்னும் வருவதில் என்ன ஆச்சரியம்?

மாமா மேல் உங்களுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கலாம். இறப்புக்கு இ-பாஸ் கொடுத்தார்கள், கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம் என்றும் ராத்திரியில் தோன்றும். அப்போது சென்னையிலிருந்து வந்த சொந்தக்காரர்களை எல்லையிலேயே நிறுத்திய ஊர்கள் இருந்தன. தன் தாயின் சாவு வீட்டுக்கு யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்த ஒரு மகன் சொன்ன வார்த்தை அது. அவரும் அதை மறந்திருக்க மாட்டார்.

கேதம் கேட்கப் போக நாள் தாண்டிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வருடங்கள் கழித்து ஊர் திரும்பியவர்கள், பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு முதலில் கேதம்தான் கேட்டார்கள். நீங்கள் இரண்டு முறை அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறீர்கள். இந்த முறை கேதத்துக்கென்றே போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. திண்ணையில், அம்மாச்சி படுத்திருந்த இடத்திலேயே உட்காருங்கள். அத்தையிடம் அந்தக் கடைசி ஒரு வாரத்தை நாள் நாளாகக் கேளுங்கள். யார் தண்ணீர் கொடுத்தது, உங்கள் பேரைச் சொன்னாரா, என்ன சேலை கட்டினார்கள் என்று கேளுங்கள். அவருக்குப் பிடித்ததைச் செய்து படையுங்கள். வேறு முறை ஏதும் செய்ய வேண்டுமா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். போனில் அந்த வீடியோ இன்னும் இருந்தால் இனி அதைத் தனியாகப் பார்க்காதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2020-இல் உங்கள் மகள் பத்தாம் வகுப்பு என்று நினைக்கிறேன், கடிதத்தின் ஓரத்தில் “ஆல் பாஸ் பேட்ச்” என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் 27-இல் தொடங்க வேண்டிய பரீட்சை அது. ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9-ஆம் தேதி ரத்து என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மார்க்கையும் வருகைப் பதிவையும் வைத்துத் தேர்ச்சி போட்டார்கள். நீங்கள் தாயம் உருட்டிய அந்த மதியங்களில் அவள் மடியில் புத்தகம் இருந்ததா? ஒரு வருடம் படித்ததை எழுதிக்காட்ட முடியாமல் போனதை அவள் யாரிடமாவது சொன்னாளா? உங்களுக்கு அது நிம்மதியான காலம். அவளுக்கு எப்படி இருந்தது என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். வேறு கதை சொன்னால் மறுக்காமல் கேளுங்கள்.

நாத்தனாருக்குத் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போகின்றன என்று தெரிந்தால், 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அது பொருந்தும்.

அப்புறம் அந்தத் தாயக்கட்டை. பித்தளையாக இருந்தால் இத்தனை நாளில் கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்து எடுத்து வையுங்கள். கணவருக்கு வாரத்தில் எந்த நாள் ஓய்வோ அந்த நாளில் மதியச் சாப்பாட்டை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாத்தனார் உங்களோடு பேசத் தொடங்கியதும், சில வாரம் கழித்து, ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். ஆட வா என்று அழைக்க வேண்டாம். நீங்கள் கட்டம் போடும்போது அவரும் அங்கே உட்கார்ந்திருக்கட்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் மாமாவுக்குப் போன் போட்டு, “அம்மாச்சி கேதத்துக்கு வர்றேன் மாமா” என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். போய் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.