வீட்டில் செய்த எலக்ட்ரானிக் இசைக்கருவியின் முன்பேனலுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தேவையா, ஸ்டிக்கர் போதாதா?

ஒரே ஒரு பெட்டி என்றால் ஸ்டிக்கர் போதும். ஐந்தாறு பெட்டி, அதுவும் அடுத்தவர் கை படப்போகிற பெட்டி என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் (சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மையை அழுத்தி அச்சிடும் முறை). எழுத்து தமிழில் இருக்கப்போகிறது என்றால் அச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். பதில் இவ்வளவுதான். நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளம், அவசரமிருப்பவர்கள் இத்தோடு போகலாம்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. சர்க்யூட் வேலை செய்துவிட்டது, சத்தம் வருகிறது, அலுமினியத் தகட்டில் துளை போட்டுக் குமிழ்களையும் மாட்டியாயிற்று. ஆனால் எந்தக் குமிழ் எதற்கு என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. மார்க்கரில் எழுதிப் பார்த்திருப்பீர்கள், அது ஒரு வாரத்தில் விரலோடு போயிருக்கும். வீட்டில் யாராவது "ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் ஆகாதா" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி என்னையும் உறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது மொரிஷியஸில், வாக்வா பக்கம். பகலில் ஏசி பழுதுபார்க்கும் வேலை, இரவில் சுருதிப் பெட்டி. எலக்ட்ரானிக்ஸ் முறையாகப் படித்தவன் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கண்டுபிடிக்க வேண்டாம். என் தமிழும் மாலை வகுப்பில் கற்ற தமிழ்தான். இந்தியாவிலிருந்து நல்ல சுருதிப் பெட்டிகள் வருகின்றனவே, வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். வாங்கினோம். எங்கள் கோயில் பஜனைக் குழுவில் வயதான அம்மாக்கள் அதிகம். குட்டிப் பொத்தானை மூன்று முறை அழுத்தி, திரையில் ஆங்கிலத்தில் வருவதைப் படித்து, அப்புறம் சுருதி மாற்றுவது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. பெரிய குமிழ் ஒன்று, திருப்பினால் கட்டை மாற வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

அதற்குப் பன்னிரண்டு நிலை ரோட்டரி சுவிட்ச் கச்சிதமாக அமைந்தது. ஒவ்வொரு நிலைக்கும் 30 பாகை, ஆக 1 கட்டையில் தொடங்கி 1½, 2, 2½, 3, 4, 4½ என்று 7 வரை ஸ்தாயியின் பன்னிரண்டு சுரமும் ஒரு வட்டத்துக்குள் வந்துவிடும். (1 கட்டை என்பது சி, 5 கட்டை என்பது ஜி. 3-க்கும் 4-க்கும் நடுவில் அரை கிடையாது, கறுப்புக் கட்டை அங்கே இல்லை.) பக்கத்தில் பஞ்சமம், மத்திமம் மாற்ற ஒரு டாகிள் சுவிட்ச், நுண்சுருதிக்கு ஒரு குமிழ், வேகத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. இந்தப் பெயர்கள் எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இங்கேதான் பேச்சு கேட்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் தேவாரத்தையே ரோமன் எழுத்தில் வைத்துப் பாடுகிறவர்கள் நிறையப் பேர். வீட்டில் பேசுவது கிரியோல். அப்படியிருக்க, பெட்டியில் தமிழ் யாருக்கு என்றார்கள். ஐயா, எங்கள் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சிட்டபோது எத்தனை பெரிய எதிர்ப்பு எழுந்தது! அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் பழைய வரிசைப்படியே மறுபடி அச்சிட்டார்கள். நோட்டில் இரண்டு வரி இடம் மாறியதற்குத் தெருவுக்கு வந்த ஊர், சுருதிப் பெட்டியில் நாலு சொல் தமிழில் இருந்தால் யாருக்கு என்று கேட்கிறது. சரி, விடுங்கள்.

முதல் தொகுதிப் பேனல்களைக் கோயில் குழுவே ஓர் அச்சுக்கடையில் கொடுத்தது. பெயர் வேண்டாம். டி-சர்ட், தொப்பி, பள்ளிப் பை எல்லாம் அச்சிடும் கடை, நல்ல வேலைக்காரர்கள்தான். ஆனால் வந்து சேர்ந்த பேனலில் "மத்திமம்" என்பது "மததிமம" என்று இருந்தது. "பஞ்சமம்" இருந்த இடத்தில் "பஞசமம". ஞ-வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பேனலில் வெள்ளைப் பொட்டாக நின்றது. எழுத்தெல்லாம் இரட்டையாக நிழலாடியது. கேட்டால், "இதை யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார் கடைக்காரர். அவர் தமிழர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்ன நடந்தது என்பதை விளக்கியது என் தாய்மாமா. ஏற்றுமதி ஆடை ஆலையில், துணிக்கு அச்சு போடும் பிரிவில், இளமை முழுவதையும் கழித்தவர். 2005 தொடக்கத்தில் உலக அளவில் ஜவுளி ஒதுக்கீடு (கோட்டா) முடிவுக்கு வந்ததையொட்டி இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவர் வேலையும் போயிற்று. பேனலை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "டி-சர்ட் மெஷ்ஷில் போட்டிருக்கிறான், அதுவும் இரண்டு தடவை இழுத்திருக்கிறான்" என்றார். பார்த்த உடனே சொன்னார்.

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். மெஷ் என்பது சட்டத்தில் கட்டிய அந்த வலைத்துணி. அதன் மேல் எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு. எழுத்தைக் கறுப்பாக அச்சிட்ட ஃபிலிமை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டுவதுதான் எக்ஸ்போஸ். பிறகு கழுவினால் எழுத்து மறைத்த இடம் மட்டும் திறந்துகொள்ளும், மை அதன் வழியே இறங்கும். டி-சர்ட்டுக்குப் பயன்படும் 43டி மெஷ்ஷில் ஒரு சென்டிமீட்டருக்கு 43 இழை. அதாவது இழைக்கு இழை ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் உயர எழுத்தில் புள்ளியின் அகலம் 0.4 மில்லிமீட்டர்தான் வரும். அந்தப் புள்ளி இரண்டு இழைகள் குறுக்கே வெட்டும் இடத்தில் விழுந்தால் மை இறங்க வழி மிகக் குறைவு. 120டி மெஷ் எடுத்தால் இழை இடைவெளி 0.083 மில்லிமீட்டர், அதே புள்ளிக்குள் குறுக்காக நாலைந்து கண்கள் கிடைக்கும். உலோகத்தில் சின்ன எழுத்து என்றால் 120டிக்குப் பக்கத்தில் போங்கள். மஞ்சள் சாயம் ஏற்றிய மெஷ் கிடைத்தால் இன்னும் நல்லது, எக்ஸ்போஸ் செய்யும்போது வெளிச்சம் இழை வழியாகப் பரவாது.

தமிழுக்கு இதில் இரட்டை வம்பு. புள்ளி என்பது எமல்ஷனில் ஒரு துளை. ஃபிலிமுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலோ, வெளிச்சம் அதிகமானாலோ ஓரத்தில் கசியும் ஒளி அந்தத் துளையை மூடிவிடும். ஞ, ண, ன போன்றவற்றின் சுழிக்குள் இருப்பது இதற்கு நேர்மாறு, நான்கு பக்கமும் திறந்த வெளி சூழ்ந்த எமல்ஷன் தீவு. வெளிச்சம் குறைந்தால் கழுவும்போது அது தண்ணீரோடு போய்விடும். கூட்டினால் புள்ளி போகும், குறைத்தால் சுழி போகும். இரண்டும் தப்பிக்கும் நேரம் மிகக் குறுகலானது. அதனால் ஃபிலிமை அட்டையால் மறைத்து, அட்டையைப் படிப்படியாக நகர்த்தி, ஒரே ஸ்கிரீனில் பல நேரங்களைச் சோதித்துப் பார்க்காமல் வேலையைத் தொடங்க மாமா விடமாட்டார். சோதனை வரிக்கு "ஞ்" என்று நெருக்கமாக அடித்து வைத்திருக்கிறோம். புள்ளியும் சுழியும் அதில் ஒன்றாக வந்துவிட்டால் மற்ற எழுத்தெல்லாம் வந்துவிடும். கோடு எதுவும் 0.25 மில்லிமீட்டருக்குக் கீழே போகாத தடித்த எழுத்துரு எடுங்கள். புள்ளியைக் கையாலேயே கொஞ்சம் பெரிதாக்குங்கள். அழகு கெடுகிறது என்று எழுத்துரு ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

வெயிலில் எக்ஸ்போஸ் செய்யலாமா என்று கேட்பீர்கள். போர்ட் லூயிஸில் ஜனவரி வெயிலில் ஆகும், ஆனால் நடுவில் ஒரு மேகம் வந்தால் உங்கள் கணக்கெல்லாம் போச்சு. எங்கள் மேட்டுப் பகுதியில் மேகம்தான் வழக்கம், வெயில் விருந்தாளி. யூவி விளக்கு வாங்கிவிடுங்கள். இந்தப் பக்கத்து ஈரத்தில் இன்னொரு தொல்லை, எமல்ஷன் காய்ந்த மாதிரி இருக்கும், காய்ந்திருக்காது. உள்ளே ஈரம் இருந்தால் எவ்வளவு நேரம் காட்டினாலும் கழுவும்போது உரிந்து வரும். ஒரு அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து, இருட்டில் உலர்த்துகிறோம். ஏசிக்காரனுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

ஃபிலிமுக்கு லேசர் பிரிண்டரைவிட இங்க்ஜெட் மேல். லேசரின் சூட்டில் ஃபிலிம் துளி சுருங்கும், துளைகளுக்கும் எழுத்துக்கும் பொருத்தம் தவறும். மை படிந்த பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும், மேலே கனமான கண்ணாடி.

இனி இரட்டை நிழல். துணி மையைக் குடிக்கும், அதனால் இரண்டு தடவை இழுப்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். உலோகம் குடிக்காது. ஸ்கிரீனுக்கும் பேனலுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, முதலில் மையை ஸ்கிரீன் மேல் பரப்பி, பிறகு ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்பு வைத்த கட்டை) ஒரே இழுப்பு. ஸ்குவீஜி கடந்ததும் மெஷ் தானாகத் துள்ளி மேலே எழ வேண்டும். சரியில்லை என்று மேலே இன்னொரு முறை இழுத்தால் போயிற்று. பிடிக்காவிட்டால் உடனே துடைத்துவிட்டு முதலிலிருந்து வாருங்கள். துளைகளை முன்பே போட்டுவிடுங்கள், ஆனால் பிசிறை நன்றாகச் சீவுங்கள், ஒரு பிசிறு போதும் மெஷ்ஷைக் கிழிக்க. அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்த பேனலை விரலால் தொடக்கூடாது.

பொருத்தத்துக்கு மாமா செய்யும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்கிரீனைக் கீல் போட்டு மேசையில் பூட்டுகிறார். தெளிவான பிளாஸ்டிக் தாளை மேசையில் ஒரு பக்கம் ஒட்டி, அதன் மேல் முதல் அச்சை இழுக்கிறார். அந்தத் தாளுக்கு அடியில் பேனலைச் செருகி, எழுத்தும் துளையும் ஒத்துப்போகும்வரை நகர்த்தி, நீளப் பக்கம் இரண்டு, குட்டைப் பக்கம் ஒன்று என மூன்று தடுப்பு ஒட்டுகிறார். தாளை எடுத்துவிட்டால் அதன் பிறகு வரும் எல்லாப் பேனலும் அதே இடத்தில் உட்காரும். யூரோரேக் (ஒரே அளவுச் சட்டத்தில் மாட்டும் சிந்தசைசர் பகுதிகள்) மாட்யூல் செய்கிறவர்களுக்கும் இதுவே போதும். உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலம் 5.08-ன் மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, தடுப்பு ஒருமுறை வைத்தால் ஒரே அளவுப் பேனல் எல்லாவற்றுக்கும் ஆகும்.

மை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். டி-சர்ட்டுக்குப் போடும் பிளாஸ்டிசால் மை உலோகத்தில் நகத்தால் சுரண்டினாலே வரும். ஹார்டனர் (மையை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் இரு பகுதி எபாக்சி மைதான் வேண்டும். எங்கள் பெட்டிகளுக்குச் சோதனை வேறு மாதிரி, விபூதி பூசிய விரல், விளக்கெண்ணெய், கற்பூரக் கரி. விபூதி ஒன்றே நாளடைவில் சாதாரண மையைத் தேய்த்துவிடும். போதாததற்கு ஒரு அம்மா நெயில் பாலிஷ் ரிமூவரால் பெட்டியைத் துடைத்தார், சுத்தமாக இருக்கட்டும் என்று. எபாக்சி எழுத்து தாங்கிற்று. கலவை விகிதத்தை டப்பாவில் போட்டிருப்பதுபோல எடை போட்டுத்தான் கலக்க வேண்டும், கண் மதிப்பு ஆகாது. அறை வெப்பத்தில் முழுதாக இறுகச் சில நாள் பிடிக்கும். அவசரத்துக்குச் சமையல் அடுப்பில் வைக்காதீர்கள், அந்த ஆவி சாப்பாட்டுக்கு ஆகாது.

"இதெல்லாம் எதற்கு, பிசிபி (சர்க்யூட் பலகை) போடும் இடத்திலேயே பேனலையும் போட்டு வாங்கலாமே" என்று கீழே எழுதத் துடிப்பவர்களுக்கு: வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன், 1.6 மில்லிமீட்டர் தகட்டில் அழகாகவே வருகிறது. மாட்யூல் செய்கிறவர்களுக்கு அதுவே மலிவு. கோயிலில் கை மாறி, கார் டிக்கியில் போய் வரும் பெட்டிக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியம்தான் எனக்குத் திருப்தி. இது என் கருத்து, சட்டம் இல்லை.

எந்த வழியில் போனாலும் தமிழ் எழுத்தை இங்க்ஸ்கேப் போன்ற ஒன்றில் அடித்து, வெறும் கோட்டுருவமாக மாற்றிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தைப்பூசத்துக்கு இங்கே கட்டும் பேனர் கதைதான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து தனியாக. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் முருகன் படத்துக்குக் கீழே அவன் பெயரே உடைந்து தொங்குகிறது. காவடிக்குப் பூ எத்தனை ரூபாய்க்கு என்று மணிக்கணக்கில் பேசும் கமிட்டி, பேனரை ஒருமுறை வாசித்துப் பார்க்கக் கூடாதா? கேட்டால் நான் குறை சொல்கிறவன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

கடைசியாக ஒன்று. அச்சு முடிந்த கையோடு, தேநீருக்குக்கூடப் போகாமல், ஸ்கிரீனைக் கழுவிவிடுங்கள். எபாக்சி மெஷ் கண்ணுக்குள் இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் அதை எடுக்காது, ஃப்ரேமுக்குப் புது மெஷ்தான் கட்ட வேண்டும். கலந்து மீந்த மையை டப்பாவில் திரும்ப ஊற்றினால் டப்பாவோடு போகும்.