பாலிசி முடிய ஏழு மாதம் இருக்கும்போது காரை மாற்றினால் காப்பீடு என்னவாகும்?

பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்கப் போகிறீர்கள், பாலிசியில் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்கிறது, அதைப் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு ஆவணியில் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். பாலிசி காரோடு போகும். இழப்பீடு கோராமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் உங்களோடு வரும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் பலருக்குப் பணம் போகிறது, சிலருக்கு உறக்கமே போகிறது.

பாலிசியை அப்படியே மாற்ற முடியாததற்குக் காரணம் உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் காரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கான காப்பீட்டை, எடுத்தாக வேண்டும். உங்கள் ஏழு மாத மிச்சம் அதற்கு ஈடாகாது. நீங்கள் வாங்குவது பழைய கார் என்றால், அதே பாலிசியில் வண்டியை மட்டும் மாற்றி எழுதித் தரும்படி கேட்க வழி இருக்கிறது. பிரீமிய வித்தியாசத்தை நாள் கணக்கில் கட்ட வேண்டும். ஆனால் விட்டுப்போகும் காருக்கு வேறு காப்பீடு இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த அலைச்சலுக்குப் புதுப் பாலிசியே மேல் என்பது என் எண்ணம்.

இனி போனஸ். தொடர்ந்து இழப்பீடு கோராமல் இருந்தால் புதுப்பிக்கும்போது 20, 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தில் நிற்கும் தள்ளுபடி இது. சொந்த சேதத்துக்கான, அதாவது நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான, பிரீமியத்தில் மட்டும்தான் கழிக்கப்படும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் கிடையாது. என் ஒன்பது வயதுக் காருக்கு 50 சதவீதம் சேர்ந்திருந்தது. ஷோரூமில் நீட்டிய விலைத் தாளில் சொந்த சேதப் பிரீமியம் 18,000 ரூபாய், அதற்குக் கீழே போனஸ் கட்டத்தில் பூஜ்யம். சாலை வரி, பதிவுக் கட்டணம், பாஸ்டேக் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் அடுக்கிய தாளில் அந்தப் பூஜ்யம் கண்ணில் பட்டதே பெரிது. கேட்டபோது, "போனஸ் கடிதம் கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன் சார்" என்றார் அந்த இளைஞர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் மறுநாள் காலை முகூர்த்தத்தில் கார் எடுப்பதாக இருந்தோம். பழைய கார் இன்னும் என் பெயரில்தான் நின்றது. விற்றதற்கான ஆதாரத்தைக் காட்டாமல் காப்பீட்டு நிறுவனம் கடிதம் தராது. 9,000 ரூபாயை விட மனம் வரவில்லை. வீட்டில் பேசி, அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவைத்தோம்.

கடிதம் வாங்குவது கடினமில்லை. காரை விற்றுப் பெயர் மாற்றுவதற்கான, கையொப்பமிட்ட படிவம் 29, 30 ஆகியவற்றின் நகல், பெயர் மாறிய ஆர்.சி. (பதிவுச் சான்று) நகல், பாலிசி நகல் இவற்றைப் பழைய நிறுவனத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. புதுக் காருக்கு வேறு நிறுவனத்தில் பாலிசி எடுத்தாலும் அது செல்லும். உடனே கார் வாங்காவிட்டாலும் மூன்று ஆண்டு வரை பயன்படுத்தலாம். சொந்தக் காரிலிருந்து சொந்தக் காருக்குத்தான் மாறும். பைக்குக்கோ வாடகை வண்டிக்கோ மாறாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: கடிதம் இல்லாமலே "போனஸ் உண்டு என்று எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பொய் உறுதிமொழி என்று பின்னால் தெரிந்தால், கார் நொறுங்கி நிற்கும் நாளில் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

விற்ற காரின் பக்கம்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. மோட்டார் வாகனச் சட்டம் 157ஆம் பிரிவின்படி கார் கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்குத் தானாகவே போய்ச் சேரும். சொந்த சேதக் காப்பீடு அப்படிப் போகாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் போனஸை எடுத்துக்கொள்வதால், மீதிக் காலத்துக்கான அந்தத் தள்ளுபடித் தொகையையும் அவர் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தரகர் ஒருவரிடம் காரைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதாமல் கையொப்பமிட்டுத் தந்தார். பதினான்கு மாதம் கழித்து மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து பழுப்பு உறையில் நோட்டீஸ் வந்தது. அந்தக் கார் மோதி ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. பாலிசியை யாரும் புதுப்பிக்கவில்லை. ஆர்.சி.யில் சித்தப்பாவின் பெயரே இருந்தது. "வண்டியை ஓட்டினது யாருன்னே எனக்குத் தெரியாதேப்பா" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை.

சட்டம் அவர் பக்கம் இல்லை. 2007இல் விற்கப்பட்டுப் பல கை மாறி, 2009இல் விபத்துக்குள்ளான ஒரு காரின் வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வாங்கிய ரசீதோ, விற்பனை ஒப்பந்தமோ அங்கே உதவவில்லை.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர்கள். தனிநபருக்கு விற்றால் பெயர் மாற்ற விண்ணப்பத்தை அவரோடு உட்கார்ந்து அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பதிவு செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பழைய கார் வணிகரிடம் கொடுப்பதானால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்துவிட்டால், அதன்பின் அந்தக் காருக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். இந்த விதி முன்பே இருந்திருந்தால் சித்தப்பா தப்பித்திருப்பார்.

மீதி மாதங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது பலரும் கேட்பது. ஓராண்டு பாலிசியில் இழப்பீடு எதுவும் கோராமல் ரத்து செய்தால், மீதிக் காலத்துக்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் விற்ற கார் காப்பீடு இல்லாமல் தெருவில் ஓடக் கூடாது. வாங்கியவர் தன் பெயரில் புதுப் பாலிசி எடுத்த பிறகே ரத்துக்கு எழுதுங்கள். நான் ரத்து செய்யவில்லை. மிச்சப் பிரீமியத்தைக் கார் விலையில் சேர்த்துப் பேசினேன், வாங்கியவரும் ஒப்புக்கொண்டார். பெயர் மாறிய ஆர்.சி.யை அவர் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். அந்தப் படத்தை இன்னும் கைப்பேசியில் வைத்திருக்கிறேன்.