கயிற்றில் போட்ட முடிச்சுகள்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா தொண்டியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியை நடத்துகிற தலைமை மாலுமியாக, இருந்தவர். அவர் பெட்டியில், நடுவில் துளையிட்ட சின்னப் பலகை ஒன்று முடிச்சுக் கயிற்றோடு கிடக்கிறது. துருவ நட்சத்திரம் பார்க்கிற பலகை என்பார் அப்பா. சோழர் காலத்துக் கருவி என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவருகிறார். நான் கணிதம் படித்தவள். அறிவியல் வரலாறு ஆராய்பவர்கள் இதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வார்களா?

– தொண்டி வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

1850-லேயே எடுத்துக்கொண்டார்கள். காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி சோழமண்டலக் கரை மாலுமிகளின் பலகையையும் கயிற்றையும் பற்றிச் சென்னை ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். ஒரு முடிச்சு என்றால் ஒரு துறைமுகம்.

கணக்கு உங்களுக்குச் சுலபம். துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேலே நிற்கும் உயரம்தான் ஏறக்குறைய ஊரின் அட்சரேகை. இராமேசுவரத்துக்கு 9.3 பாகை, நாகப்பட்டினத்துக்கு 10.8. பலகையின் உயரம் 2 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்விளிம்பு கடலையும் மேல்விளிம்பு நட்சத்திரத்தையும் தொட, இராமேசுவரத்தில் அதைக் கண்ணிலிருந்து சுமார் 12.2 அங்குலத்தில் பிடிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் 10.5 போதும். கயிற்றில் அந்தந்தத் தூரத்தைக் குறிப்பதுதான் அந்தந்த ஊரின் முடிச்சு.

மாமாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள், ஆனால் இதைக் கேளுங்கள். கி.பி. 1000 வாக்கில் இதே நட்சத்திரம் வட துருவத்திலிருந்து சுமார் 6 பாகை தள்ளியிருந்தது. இன்று முக்கால் பாகைகூட இல்லை. அன்று இராமேசுவரத்திலிருந்து பார்த்தால், துருவத்தைச் சுற்றிவரும் அது 3 பாகைக்கும் 15 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும். எந்த வேளையில் பார்ப்பது என்ற வழக்கம் இல்லாமல் சோழ மாலுமிக்கு அந்த முடிச்சால் பயனே இல்லை. தாத்தா எப்போது பார்த்தார்? ஆறாமீன் என்கிற கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வந்தபோதா, விடியப் போகும்போதா? அவரோடு கடலுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். ‘எல்லாமே நம்மாளுக்கு அப்பவே தெரியும்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தக் கேள்வியின் பக்கமே வருவதில்லை.

இப்படிக் கேட்டு எழுதி வைத்தவர், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, வாய்பாடுகளை மனத்திலிருந்தே எடுத்து, 1825 மே 31 இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. வாரன் அந்தக் கணக்கைப் படிப்படியாகப் பதிவு செய்திருந்தார். அதனால்தான் 1952-இல் அறிவியல் வரலாற்றாசிரியர் நியூகெபாவர் அந்த முறையை எடுத்து, பாபிலோனியக் கணித முறைகளோடு ஒப்பிட்டு எழுத முடிந்தது. வெறும் ‘அபாரம்’ என்று எழுதியிருந்தால் நியூகெபாவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்?

சரி, இப்போது செய்ய வேண்டியது: பலகையின் நீள அகலத்தையும், துளையிலிருந்து ஒவ்வொரு முடிச்சும் எவ்வளவு தூரம் என்பதையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். கயிற்றை இழுத்து நிமிர்த்த வேண்டாம், எண்ணெயும் தடவ வேண்டாம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். அப்புறம், இற்றுப்போயிற்றே என்று மாமா புதுக் கயிறு மாற்றிவிடப் போகிறார், அதைத் தடுத்துவிடுங்கள்.