டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க மின்னணுக் கருவி பொருத்தலாமா?

நீங்கள் புதிதாக ஒரு டிரெய்லர் வாங்கியிருக்கிறீர்கள், கேமரா, சென்சார், தொடுதிரை ஆகியவற்றையும் சேர்த்து வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்துகிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தில் முதலில் டிரெய்லருக்கு பிரேக் வையுங்கள்.

குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகும் சாலையில், பரதராமிக்கு அருகில் இருக்கிறது எங்கள் ஊர். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காயை ஏற்றிக்கொண்டு ஆந்திர எல்லை தாண்டி மாங்கூழ் ஆலைகளுக்குப் போவோம். வாசலில் இரவெல்லாம் வரிசையில் கிடந்து, உள்ளே போன பிறகு இறக்கும் மேடைக்கு டிரெய்லரைப் பின்னோக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் ஓட்டுகிறவரின் கை தெரியும். சென்ற பருவத்தில் எனக்கு முன்னால் நின்ற வண்டியில் நீங்கள் கேட்கும் கருவி இருந்தது. மேடையை நெருங்கியதும் திரை இருண்டுவிட்டது. டிரெய்லரை மாட்டும் இடத்தில் இருக்கும் பிளக்கில் புழுதியும் மாம்பாலும் ஒட்டியிருந்தன. ஓட்டிவந்த தம்பி இறங்கித் துடைப்பதும் கழற்றி மாட்டுவதுமாக இருக்க, பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். கடைசியில் சுமை இறக்கும் பெரியவர் ஒருவர் தெலுங்கில் "வெனக்கி, வெனக்கி" (பின்னால், பின்னால்) என்று கை காட்டத்தான் வண்டி மேடையில் சேர்ந்தது.

முன்னோக்கி இழுக்கும்போது டிரெய்லர் தானாகவே நேராகிவிடும். பின்னோக்கித் தள்ளும்போதோ சிறிய கோணம்கூட வளர்ந்துகொண்டே போய், கவனிக்காவிட்டால் மடங்கிவிடும். ஸ்டீயரிங்கையும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருப்பதால் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இதற்காக அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 2016 மாடல் எஃப்-150 பிக்கப்பில் ஒரு திருகுகுமிழைக் கொடுத்தது. டிரெய்லர் போக வேண்டிய பக்கம் குமிழைத் திருப்பினால் போதும். டிரெய்லரில் ஒட்டிய கட்டம்போட்ட ஸ்டிக்கரைக் கேமரா பார்த்துக் கோணத்தைக் கணக்கிட, ஸ்டீயரிங் தானே திரும்பும். கருவி இல்லாமலே இதற்கு ஒரு வழி உண்டு: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் இடப்பக்கம் போக வேண்டுமானால் கையையும் இடப்பக்கம் நகர்த்துங்கள். குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். வண்டி மடங்காமல் அந்தக் குமிழ் பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆண்டுக்குச் சில நாள் மட்டும் படகை இழுத்துப்போகிறவருக்கு அது உதவும் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முன்னச்சும் திரும்புகிற நான்கு சக்கர டிரெய்லரில் மடங்கும் இடம் இரண்டு. ஒரு மூட்டுக்குப் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

இவர் புதுமைக்கு எதிரி என்று உடனே பின்னூட்டம் வரும். என் கிணற்று மோட்டாரை நான் வீட்டிலிருந்தே கைபேசியில்தான் போடுகிறேன். நடு இரவில் வயலுக்கு நடக்கும் வேலையை அது மிச்சப்படுத்தியது, அதனால் வாங்கினேன்.

எங்கள் பக்கம் மாங்காய் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. இறக்கத்தில் முழுப் பாரமும் டிராக்டரைத் தள்ளும். டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையையே பிரேக்காக மாற்றும் ஓவர்ரன் முறையில் திரையும் இல்லை, சென்சாரும் இல்லை. பின்னோக்கித் தள்ளும்போதும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால், அப்போது அதை விடுவிக்கும் வசதி உண்டா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இணைப்புப் பின்னுக்குப் பூட்டுக் கிளிப், அது கழன்றாலும் தாங்கும் சங்கிலி, இரவில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும் ஒளிரும் பட்டை ஆகியவையும் அவசியம். இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பாரம் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் தூக்கும். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் ஆடும். வண்டிமாடு ஓட்டிய எங்கள் தாத்தாக்களுக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. என் மைத்துனர் அந்தப் பக்கத்துக் கடையில் வாங்கிய ரிவர்ஸ் கேமரா கெட்டபோது, இந்தப் பக்கத்து சர்வீஸ்காரர் வாங்கிய இடத்துக்கே போகச் சொன்னார். அங்கே போனால், வண்டி தமிழ்நாட்டுப் பதிவு என்று கைவிரித்தார்கள். எல்லாம் கேட்ட பிறகும் கருவியை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உத்தரவாதம் இரு மாநிலங்களிலும் செல்லும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.