உறைந்த கருவில் எத்தனை ஆன்மா?

வணக்கம் ஐயா,

சந்தூரில் மாங்கன்று நாற்றங்கால் வைத்திருக்கிறோம். பதினோரு வருடம் காத்திருந்து, சோதனைக்குழாய் முறையில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். மிச்சம் மூன்று கருக்களை உறைய வைத்திருக்கிறார்கள். பணம் கட்டித் தொடர்வதா, வேண்டாமென்று எழுதிக் கொடுப்பதா என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். "கரு கூடின அன்னைக்கே ஆன்மா வந்திருச்சு. மூணு உசுரைக் கொல்லப் போறியா?" என்கிறார் மாமியார். எனக்குத் தூக்கமே இல்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்றிலும் உயிர் இருக்கிறது. ஆனால் கூடுவதற்கு முன்பே சினைமுட்டையிலும் விந்தணுவிலும் உயிர் இருந்ததே. மாமியார் சொல்வது அதையல்ல, ஓர் ஆளுக்கு ஒன்று என்று வரும் ஆன்மாவை. அதற்குத்தான் கருவியல் இடம் கொடுக்கவில்லை.

கரு கூடி ஏறக்குறைய இரண்டு வாரம் வரை அது இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம். முதல் நாளே ஆன்மா வந்துவிட்டதென்றால், பிரியும்போது அது பாதியாயிற்றா? அரிதாக நேரெதிரும் நடக்கிறது. தனித்தனியே கூடிய இரண்டு கருக்கள் ஒட்டி ஒரே குழந்தையாகின்றன. அந்த உடலில் இருவகை டி.என்.ஏ. இருக்கும். இன்னோர் ஆன்மா எங்கே போயிற்று? ஒட்டுக் கட்டுகிற உங்களுக்கு இது புதிதல்ல. ஒரே பெங்களூரா மாவின் தாய்மரத்திலிருந்து நூறு கன்று எடுக்கிறீர்களே!

ஐந்தாம் நாள் கருவில் நூறு, இருநூறு செல்கள். பெரும்பகுதி நஞ்சுக்கொடியாகப் போவது. நரம்பு ஒன்றுகூடக் கிடையாது. தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று காட்டும் கோடு தெரிவதே பதினான்காம் நாள் வாக்கில்தான். 1984இல் பிரிட்டன் அரசு அமைத்த வார்னாக் குழு கரு ஆய்வுக்கு 14 நாள் வரம்பு சொன்னதும் இதை வைத்துத்தான்.

மாமியாருக்குத் திருவாசகத்தின் போற்றித் திருவகவலை வாசித்துக் காட்டுங்கள். 'ஒருமதித் தான்றியின் இருமையில் பிழைத்தும்' என்கிறார் மாணிக்கவாசகர். முதல் மாதத்தில் இரண்டாகப் பிளவுபடாமல் தப்பினேன் என்று இதற்கு உரை சொல்வார்கள்.

நான் தருமபுரிக்காரன். பிறந்து வீறிட்டு அழுத பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றிய மண் இது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுப் போகச் சொல்லி 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. பசியும் வலியும் தெரிந்த அந்த உடல்களுக்காக ஆன்மாவின் பெயரைச் சொல்லி அந்தந்த வீட்டில் யாராவது குறுக்கே நின்றிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வலி என்பதே அரும்பாத மூன்று கருக்களுக்காக உங்களைக் கொலைகாரி என்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பணம் கட்டுங்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்களைப் பத்து வருடத்துக்கு மேல் வைக்க முடியாது. போதுமென்றால் நீங்களும் கணவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று அழுகை வந்தால் அழுங்கள். பதினோரு வருடக் காத்திருப்புக்கு அந்த அழுகை உரியதுதான்.