நாவல், தன்வரலாறு, துப்பறியும் கதையெல்லாம் படித்து என்ன தெரிந்துகொள்கிறோம்?

தகவலுக்குக் கட்டுரை போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ படித்துப் பாருங்கள். அவர் பழைய தமிழ்க் காப்பியமான சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார் என்பது தகவல், சரி. ஆனால் 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சாமிநாதையர் படித்ததாக அடுக்கிய அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்க, கல்லூரித் தமிழாசிரியரான இவர் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிறதே, அந்த இடத்தை அறுபது வருடம் கழித்தும் மறைக்காமல் எழுதுகிறார்! அந்த நேர்மை எந்தப் பாடப்புத்தகத்தில் கிடைக்கும்?

அப்புறம் துப்பறியும் கதை. ஒரு ஊரில் யார் யாரைக் காப்பாற்றுவார்கள், போலீஸ் யார் பேச்சை முதலில் நம்பும் என்பதெல்லாம் நல்ல துப்பறியும் கதையில் பளிச்சென்று தெரியும்.