நாற்பது நிமிடமும் ஒரு கொப்பியும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். உப்புவெளியில் எங்கள் சபைப் பெண்கள் ஏழு பேர் வியாழன் இரவுகளில் வீடுகளில் கூடி ஜெபித்து வந்தோம். பிள்ளைகள் கட்டாரிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அவர்களும் சேரட்டும் என்று சூமில் தொடங்கினோம். முதல் கிழமை நாற்பது பேர் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர்தான். ஒரு சகோதரர் ஜெபிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் போய்விடும். எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒரே இரைச்சல். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே விண்ணப்பங்கள் காணாமல் போகின்றன. இதை ஒழுங்கான ஊழியமாக நடத்தி வளர்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

— ஒரு வாசகி, உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்பது பேர் கிழமை தவறாமல் வருகிறார்கள் என்றால் உங்களிடம் ஒரு ஜெபக்குழு இருக்கிறது. நாற்பதை மீட்பதற்காக இப்போது அலைய வேண்டாம். 1857 செப்டெம்பர் 23 அன்று நியூயோர்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் மதிய ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். அரை மணி நேரம் அவர் மட்டுமே இருந்தார். கடைசியில் வந்து சேர்ந்தது ஆறு பேர். அடுத்த கிழமை இருபது பேர். பிறகு அது தினசரிக் கூட்டமாகி நகரமெங்கும் பரவியது. அங்கே இருந்த விதிகளைக் கவனியுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் ஜெபிக்கவோ பேசவோ கூடாது, சர்ச்சைக்குரிய உபதேசங்களை எடுக்கக் கூடாது. மெதடிஸ்ட், அங்கிலிக்கன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று ஒரே குடும்பத்திலேயே கலந்திருக்கும் திருகோணமலைக்கு இரண்டாவது விதி மிகவும் தேவை. ஞானஸ்நானம், அந்நிய பாஷை, மாதா வணக்கம் பற்றிய பேச்சு வந்த கிழமையிலேயே சிலர் சொல்லாமல் நின்றுவிடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இரைச்சலும் அல்ல, அந்தச் சகோதரரும் அல்ல. விண்ணப்பங்கள் காணாமல் போகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ஒரு தாய் மகனுடைய சத்திரசிகிச்சைக்காக ஜெபிக்கச் சொல்கிறார். அடுத்த கிழமை யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் மூன்றாம் கிழமை வரமாட்டார். குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் கரைகின்றன. ஆகவே சூமைத் தொடுவதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள்.

கொப்பிக்கு ஒருவரே பொறுப்பு. திகதி, யாருக்காக, ஒரு வரியில் விண்ணப்பம், கொண்டுவந்தவர், மறுபடி விசாரிக்க வேண்டிய நாள், என்ன நடந்தது என்று ஆறு பத்திகள் போதும். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்று மாற்றிவிடுங்கள். காலை வணக்கப் படங்கள் அன்றே நின்றுவிடும். விண்ணப்பங்களைப் புதன் இரவுக்குள் கொப்பி வைத்திருப்பவரின் நம்பருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத முடியாத அம்மாமார் குரல் பதிவாக அனுப்பட்டும். வியாழன் மாலை பத்து விண்ணப்பங்கள் கொண்ட ஒரே பட்டியல் குழுவுக்குப் போகட்டும். பதினோராவது இடத்தைக் கடைசி நேர அவசரத்துக்கு விடுங்கள். ஏழு நாள் கழித்து அந்த வீட்டுக்கு ஒரு போன் போக வேண்டும். சுகம் கிடைத்தால் அடுத்த கூட்டத்தில் முதலில் அதைச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும், ஆள் இறந்துவிட்டாலும், அதையும் சொல்லி அந்த வீட்டுக்காக ஜெபியுங்கள். பதில் கிடைத்த ஜெபங்களை மட்டும் சொல்லும் குழுவில், பதில் கிடைக்காதவர்கள் தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணி ஒதுங்கிக்கொள்வார்கள். அந்த மனச்சுமையை நாம் யார்மேலும் ஏற்றக்கூடாது.

நம் ஊர் சிறியது. உப்புவெளியில் சொன்னது பாலையூற்றுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. நோயின் பெயர், குடும்பப் பிரச்சினை, கடன் எதுவானாலும் உரியவரின் சம்மதம் இல்லாமல் பட்டியலில் பெயர் வரக்கூடாது. "ஒரு சகோதரிக்காக" என்றாலே போதும், கர்த்தருக்கு ஆள் தெரியும். இந்து, முஸ்லிம் அயலவர்கள் அன்பாக ஜெபம் கேட்டால் ஜெபியுங்கள். ஆனால் அவர்கள் பெயரைச் சாட்சியாகப் பரப்புவது நம்பிக்கைத் துரோகம். கூட்டத்தைப் பதிவு செய்யாதீர்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறையும்படி வைக்கலாம். அது ஸ்கிரீன்ஷொட்டைத் தடுக்காது என்பதையும் சொல்லிவையுங்கள். குழுவில் சேரும் எவருக்கும் மற்றவர்களின் நம்பர் தெரியும். முன்பின் அறியாதவர்களை அதில் சேர்க்க வேண்டாம்.

இனிச் சூம். இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம். கூகுள் மீட்டில் 60 நிமிடம் கிடைக்கும். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர்தான் சேரலாம். உங்களுக்குச் சூமே போதும். அந்த 40 நிமிடம் உங்களுக்குக் கிடைத்த உதவி என்றே சொல்வேன். ஒரு சங்கீதம் பிரசங்கம் இல்லாமல் 4 நிமிடம், பாட்டு 4, கொப்பியிலிருந்து பழைய விண்ணப்பங்களின் நிலை 5, ஜெபம் 22, கர்த்தருடைய ஜெபமும் ஆசீர்வாதமும் 3. மொத்தம் 38.

பாட்டு இரைச்சலாவதற்குக் காரணம், ஒவ்வொருவருடைய சத்தமும் வேறு வேறு தாமதத்தோடு வந்து சேர்வது. எத்தனை பயிற்சி எடுத்தாலும் சூமில் சேர்ந்து பாட முடியாது. ஒருவர் பாட, மற்ற எல்லோரும் மியூட்டில் இருந்தபடி வீட்டில் வாய்விட்டுப் பாட வேண்டும். கர்த்தருடைய ஜெபமும் அப்படியே. ஒரே வீட்டில் இரண்டு போன்கள் திறந்திருந்தால் எதிரொலிக்கும். ஒன்றை மூடச் சொல்லுங்கள். வீடியோவை நிறுத்தினால் டேட்டா செலவு வெகுவாகக் குறையும். வெயிட்டிங் ரூமைப் போட்டு, பெயர் தெரிந்தவரை மட்டும் உள்ளே எடுங்கள். ஸ்கிரீன் பகிர்வு ஹோஸ்டுக்கு மட்டும் இருக்கட்டும். லிங்கை முகநூலில் போடவே கூடாது; ஆபாசப் படத்தோடு நுழைபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். மாரியில் கரண்ட் போகும். கட்டாரில் உள்ள ஒரு பிள்ளை தன் கணக்கிலிருந்து கூட்டத்தைத் திறந்து ஹோஸ்டாக இருந்தால் உங்கள் லைன் அறுந்தாலும் கூட்டம் தொடரும்.

அந்தச் சகோதரரிடம் கூட்டத்துக்கு வெளியே, தனியாக, மரியாதையோடு பேசுங்கள். எல்லோர் முன்னிலும் இடைமறித்தால் அவர் மட்டுமல்ல, அவருடைய குடும்பமே போய்விடும். ஒழுங்கை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்: நடத்துபவர் பெயர் சொல்லி அழைக்கட்டும், ஒருவருக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு நிமிடம். நடத்துபவரும் மாதம் நாலு கிழமைக்கு நாலு பேராக மாற வேண்டும். அவருக்கும் ஒரு கிழமை கொடுங்கள். நேரம் பார்க்கும் பொறுப்பு கையில் வந்தால் பலர் தாமாகவே சுருக்கிக்கொள்வார்கள்.

உங்கள் போதகரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இந்தக் கிழமையே போய்ச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனை நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். காணிக்கை வாங்காதீர்கள், நோயாளிக்கு உதவி தேவைப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு நேரடியாகவோ சபைக் கணக்கு வழியாகவோ போகட்டும். மருந்தை நிறுத்தும்படி யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் எழுதினால் அதைப் பட்டியலில் போடும் விண்ணப்பமாக மட்டும் எடுக்கக் கூடாது. ஒருவர் அவரோடு பேசிக்கொண்டிருக்க, இன்னொருவர் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 அல்லது அம்புலன்ஸ் 1990ஐ அழைக்கட்டும். சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929, பெண்களுக்கு 1938. இந்த நாலையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

வளர்ச்சிக்கு வருவோம். 22 நிமிடத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் பதினொரு பேர்தான் வாய்திறந்து ஜெபிக்கலாம். அதற்கு மேல் வருபவர்கள் கேட்பவர்களாகிவிடுவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். உங்கள் நாற்பது பேருக்கும் நடந்தது இதுவாக இருக்கலாம். ஆகவே பதினைந்து பேர் ஒழுங்காக வரத் தொடங்கியதும் பிரியுங்கள். அனுபவமுள்ள இருவர் புதிய குழுவுக்குப் போகட்டும், அதற்கென்று தனிக் கொப்பி இருக்கட்டும், மாதம் ஒருமுறை எல்லோரும் சேருங்கள்.

பிரிக்கும்போது நேரத்தைப் பாருங்கள். நமக்கு இரவு 8.30 என்றால் கட்டாரில் மாலை 6, டுபாயில் 7. ஆனால் ரொறன்ரோவில் வேலை நேரமான முற்பகல். நமக்கு அதிகாலை 5 என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் மாலை, கோடையில் 7.30, குளிர்காலத்தில் 6.30. கனடாப் பிள்ளைகளுக்கு இரண்டாவது குழுவை அதிகாலையில் வையுங்கள். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மணி மாறும்; ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகள். நம் நேரம் மாறுவதில்லை. அந்தக் கிழமைகளில் முதல்நாளே குழுவில் அறிவித்தல் போடுங்கள்.